ஆளை விழுங்கும் சட்டையை அளவாக்குவது எப்படி? பழைய துணியில் தையல் தொடங்குபவர்களுக்கு

என் தையல் மேசையில் ஒரு பழைய ஆண்கள் சட்டை கிடக்கிறது. நீலக் கோடு போட்ட பருத்தித் துணி. காலர் மடியும் இடத்தில் நைந்து உள்துணி எட்டிப் பார்க்கிறது. ஒரு பட்டனைக் காணோம். அகலமோ என்னைப் போல இன்னொருவர் உள்ளே நுழையலாம் போலிருக்கிறது. செகண்ட் ஹேண்ட் கடையில் யாரும் சீண்டாமல் குவியலின் அடியில் கிடந்ததால் மிக மலிவாகக் கிடைத்தது. ஆனால் துணி இன்னும் கெட்டியாக, பல தடவை துவைத்த மென்மையோடு இருக்கிறது. இந்த ஒரு சட்டையை வைத்தே, பழைய துணியைப் பார்த்து வாங்குவது முதல் உடம்புக்கு ஏற்றபடி தைத்துப் போடுவது வரை சொல்கிறேன். தையல் மெஷின் இல்லாதவர்களும் தயங்க வேண்டாம், கைத்தையலிலேயே இதை முடிக்கலாம்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது

உடையின் டிசைனைப் பிறகு பார்க்கலாம். முதலில் துணியைப் பாருங்கள். டிசைனை மாற்றிவிடலாம், நைந்த துணிக்கு உயிர் கொடுக்க முடியாது.

சட்டையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். முழங்கை, அக்குள், பேன்ட் என்றால் தொடையின் உட்பக்கம், உட்காருமிடம். இந்த இடங்களில் மட்டும் வெளிச்சம் அதிகமாக ஊடுருவினால் இழைகள் தேய்ந்துவிட்டன என்று அர்த்தம். அங்கே தையல் போட்டால் தையலை ஒட்டியே கிழியும். அடுத்து, துணியின் ஒரு மூலையைக் கைக்குள் வைத்துப் பத்து நொடி இறுக்கிக் கசக்கிவிட்டு விடுங்கள். பருத்தியும் லினனும் சுருக்கத்தோடு நிற்கும், பாலியஸ்டர் பெரும்பாலும் பழையபடி விரிந்துவிடும். புதிதாகத் தைக்கப் பழகுபவர்களுக்கு அதிகம் நீளாத, வழுக்காத பருத்திதான் நல்ல துணை. ஷிஃபான், சாட்டின், டிஷர்ட் துணியெல்லாம் கை பழகிய பிறகு வரட்டும்.

பெரிய அளவு கிடைத்தால் விடாதீர்கள். பெரியதைச் சிறியதாக்குவது எளிது. சிறியதைப் பெரிதாக்க வேண்டுமென்றால் உள்ளே தையலுக்கு விட்ட துணி இருக்க வேண்டும், ஆயத்த உடைகளில் அது அரை அங்குலத்தைத் தாண்டுவதே அபூர்வம். ஆனால் தோளை மட்டும் போட்டுப் பார்த்தே வாங்குங்கள். தோள் தையல் உங்கள் தோள் எலும்பிலிருந்து ஓர் அங்குலம் இறங்கினால் பரவாயில்லை, தொளதொள அழகு என்று விட்டுவிடலாம். அதற்கு மேல் இறங்கினால் கையையே கழற்றி மாட்ட வேண்டும். அது முதல் வேலைக்கு ஏற்றதல்ல.

செலவுக் கணக்கை மனதிலேயே போட்டுவிடுங்கள். துணியின் விலையோடு நூல், பட்டன், ஜிப் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். அது புதுச் சட்டை விலையில் பாதியை நெருங்கினால் நான் திருப்பி வைத்துவிடுவேன். ஜிப் போன பேன்ட், லைனிங் கிழிந்த கோட்டு இரண்டும் மலிவாகத் தெரியும், சரிசெய்யும் செலவில் அந்த மலிவு காணாமல் போகும். பட்டன் இல்லாதது ஒரு குறையே இல்லை. பல சட்டைகளில் பக்கத் தையலின் உள்பக்கம், அளவுச் சீட்டுக்குப் பக்கத்தில், ஒரு பட்டன் உபரியாகத் தைத்திருக்கும். என் சட்டையிலும் இருந்தது.

வெட்டும் முன் துவைப்பு

வாங்கி வந்ததைப் பையோடு கட்டி வைத்து, நேரே துவைக்கக் கொண்டு போங்கள். மற்ற துணிகளோடு கலக்க வேண்டாம். துணி தாங்குமென்றால் 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் துவைப்பது நல்லது, மூட்டைப்பூச்சி இருந்தாலும் அந்தச் சூட்டில் செத்துவிடும். பூட்டி வைத்த வாடை போக, அரை வாளி தண்ணீரில் ஒரு கப் வெள்ளை வினிகர் ஊற்றி அரை மணி நேரம் ஊறவிட்டுப் பிறகு அலசுங்கள். ஒரு எச்சரிக்கை: வினிகரையும் குளோரின் பிளீச்சையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், விஷ வாயு கிளம்பும். கறை போகும்வரை இஸ்திரி போடவும் வேண்டாம். சூடு பட்டால் கறை துணியோடு ஒட்டிக்கொள்ளும்.

பழைய துணி ஏற்கெனவே பலமுறை துவைத்துச் சுருங்க வேண்டிய அளவு சுருங்கியிருக்கும், போக வேண்டிய சாயமும் போயிருக்கும். புதுத் துணியில் கிடைக்காத வசதி இது. ஆனாலும் அதை நம்பித் துவைக்காமல் வெட்டிவிடாதீர்கள். ஒரு ரேயான் பாவாடையை ஆசையாக முழங்கால் உயரத்துக்கு வெட்டி, மடித்துத் தைத்து முடித்த பிறகுதான் துவைத்தேன். இரண்டு விரற்கடை ஏறிவிட்டது. அதை யாரும் உடுத்தியதே இல்லை போலும். மடித்துத் தைக்க நான் விட்டிருந்ததும் அரை அங்குலம்தான், இறக்க வழியில்லை. அன்றிலிருந்து எந்தத் துணியானாலும் முதலில் தண்ணீரைப் பார்த்துவிட்டுத்தான் கத்தரியைப் பார்க்கும்.

கையில் இருக்க வேண்டியவை

துணிக்கு மட்டும் பயன்படுத்தும் கத்தரி (காகிதம் வெட்டினால் கூர் போய்விடும்), தையல் பிரிக்கும் சீம் ரிப்பர், இஞ்ச் டேப், குண்டூசி, தையல் சாக்பீஸ், துணி நிறத்துக்கு ஒத்த நூல், இஸ்திரிப் பெட்டி. மெஷினில் தைப்பவர்கள் சட்டைத் துணிக்கு 11 அல்லது 14 எண் ஊசி போடலாம், ஜீன்ஸுக்கு 16. கையில் தைப்பவர்கள் கெட்டித்தையல் பழகிக்கொள்ளுங்கள்: ஊசியை முன்னால் எடுத்து, ஒவ்வொரு முறையும் முந்தைய தையலின் முடிவுக்கே பின்னால் வந்து குத்தி, மறுபடி முன்னால் எடுப்பது. மெதுவாகத்தான் நகரும், ஆனால் உறுதியாக நிற்கும்.

சைடு பிடிப்பது: கணக்கு

புதியவர்கள் சறுக்கும் இடம் இதுதான், நிதானமாகப் படியுங்கள்.

உங்கள் மார்பளவு 36 அங்குலம், சட்டையின் சுற்றளவு 46 என்று வையுங்கள். மூச்சு விடவும் கையைத் தூக்கவும் 4 அங்குலம் தளர்வு வேண்டும். ஆக, தைத்து முடித்த சட்டை 40 இருக்க வேண்டும். குறைக்க வேண்டியது 6 அங்குலம். இரண்டு பக்கம் இருப்பதால் பக்கத்துக்கு 3. "சரி, ஓரத்திலிருந்து 3 அங்குலம் உள்ளே கோடு போடலாம்" என்றுதான் கை போகும். நிறுத்துங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் முன்துணி, பின்துணி என்று இரண்டு அடுக்கு இருக்கிறது. 3 அங்குலம் உள்ளே தைத்தால் பக்கத்துக்கு 6 போகும், மொத்தம் 12 போகும். சட்டை 34 ஆகிவிடும், போடவே முடியாது. குறைக்க வேண்டியதை எப்போதும் நான்கால் வகுங்கள். 6 அங்குலத்தை நான்கால் வகுத்தால் ஒன்றரை. கோடு ஒன்றரை அங்குலத்தில்தான்.

தைப்பது

சட்டையின் பட்டன்களைப் போட்டு, உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, மேசையில் சுருக்கமில்லாமல் விரியுங்கள். பழைய பக்கத் தையலிலிருந்து ஒன்றரை அங்குலம் உள்ளே சாக்பீஸால் புள்ளிகள் வையுங்கள். கீழ் ஓரத்தில் தொடங்கி அக்குள் வரை வந்து, அங்கே மூலையாகத் திரும்பாமல் வளைவாகத் திரும்பிக் கையின் அடித்தையலோடு போகட்டும். கஃபுக்கு (மணிக்கட்டில் வரும் கைப்பட்டிக்கு) ஐந்து அங்குலம் முன்பே கோடு மெல்லச் சரிந்து பழைய தையலில் போய்க் கலந்துவிட வேண்டும். அப்படிச் செய்தால் கஃபைத் தொடவே வேண்டாம். கீழ் மடிப்பை மட்டும் பக்கத்துக்கு மூன்று அங்குலம் பிரித்துக்கொள்ளுங்கள். மடிப்போடு சேர்த்துத் தைத்தால் தடித்து முண்டாக நிற்கும்.

பழைய பக்கத் தையலைப் பிரிக்க முயலாதீர்கள். ஆண்கள் சட்டையில் துணியை ஒன்றுக்குள் ஒன்று மடித்து இரட்டைத் தையல் போட்டிருப்பார்கள். பிரிப்பதற்குள் பொறுமை போய்விடும், துணியிலும் ஓட்டை விழும். அதற்கு உட்பக்கமாகப் புதுத் தையல் போட்டால் போதும்.

குண்டூசி குத்தி, கோட்டின் மேல் நீள நீளமாக ஓட்டுத்தையல் (ஊசியை மேலும் கீழுமாகக் குத்தி முன்னேறும் தையல்) போடுங்கள். மெஷின் என்றால் தையல் நீளத்தை 4 அல்லது 5 மில்லிமீட்டரில் வையுங்கள். இது பிரிப்பதற்காகவே போடும் தையல். இப்போது நேராகத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். கையை மேலே தூக்குங்கள், முன்னால் நீட்டுங்கள், உட்காருங்கள். கையைத் தூக்கும்போது சட்டை முழுக்க மேலேறினால் அக்குள் வளைவு இறுக்கம், அங்கே மட்டும் அரை அங்குலம் தளர்த்துங்கள். முதுகில் பிடித்தால் இரண்டு பக்கமும் கால் அங்குலம் விடுங்கள். திருப்தியான பிறகு 2.5 மில்லிமீட்டர் நீளத்தில் நிரந்தரத் தையல். அக்குள் வளைவில் இரண்டு முறை ஓட்டுங்கள், மற்ற எந்த இடத்தையும் விட அதிகம் இழுபடுவது அதுதான். பிறகு கீழ் மடிப்பைப் பழைய தடத்திலேயே மடித்துத் தைத்துவிடுங்கள்.

நைந்த காலரைப் புரட்டுவது

எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. காலர் நைவது கழுத்தில் உரசும் மடிப்பில் மட்டும்தான். கீழ்ப்பக்கத் துணி பெரும்பாலும் புதிதாகவே இருக்கும். காலரும், அதைத் தாங்கும் கழுத்துப்பட்டியும் சேருமிடத்தில் உள்ள தையலை மட்டும் பிரியுங்கள். பிரிக்கும் முன் காலரின் நடுப்புள்ளியிலும் பட்டியின் நடுப்புள்ளியிலும் குண்டூசியோ சாக்பீஸ் குறியோ வைக்க மறக்காதீர்கள், அது தவறினால் காலர் ஒருபக்கம் நீண்டுவிடும். சீம் ரிப்பரால் நாலைந்து தையலுக்கு ஒன்றாக அறுத்து, நூலை இழுத்தாலே கழன்றுவரும். நூல் துணுக்குகளைப் பொறுக்கிவிட்டு, காலரை மேல்கீழாகப் புரட்டி, நடுவை நடுவோடு பொருத்தி, பட்டியின் வாய்க்குள் செருகுங்கள். பழைய ஊசித் துளைகள் வரிசையாகத் தெரியும். அந்தத் துளைகளின் மேலேயே தைத்துப் போங்கள். நைந்த பக்கம் அடியில் மறைந்துவிடும். காலர் நுனியில் காஜா (பட்டன் துளை) இருக்கும் வகைச் சட்டையில் மட்டும் யோசித்துச் செய்யுங்கள், புரட்டினால் காஜாவின் பின்பக்கத் தையல் மேலே தெரியும்.

பாக்கெட்டைக் கழற்றலாமா

என்னிடம் அடிக்கடி கேட்பார்கள். என் சட்டையில் ஒரு மூலையை மட்டும் பிரித்துத் தூக்கிப் பார்த்தேன். வெளியே வெளிறிய நீலம், பாக்கெட்டுக்கு அடியில் பளிச்சென்ற அடர்நீலம். முழுதாகக் கழற்றியிருந்தால் நெஞ்சில் நிரந்தரமாக ஒரு கட்டம் தெரியும். மூலையைத் திரும்பத் தைத்துவிட்டேன். வெளிறிய துணியில் மடிப்பை இறக்கும்போதும் இதே கதைதான், பழைய மடிப்பு ஒரு கோடாக நிற்கும். அந்தக் கோட்டின் மேல் நாடாவோ எம்பிராய்டரியோ ஒரு வரிசை ஓட்டுத்தையலோ போட்டு அதையே அலங்காரமாக்கலாம். சாயம் போட நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள்: பருத்திக்கான சாயம் பாலியஸ்டர் நூலில் ஏறாது. சட்டை கறுத்தாலும் தையல் கோடுகள் பழைய நிறத்திலேயே நிற்கும். எனக்கு அந்தத் தோற்றம் பிடிக்கும், உங்களுக்குப் பிடிக்குமா என்று யோசித்துவிட்டு வாளியில் போடுங்கள்.

கடைசியில் கத்தரி

பக்கத்தில் தைத்து உள்ளே தள்ளிய துணியை உடனே வெட்டிவிடாதீர்கள். ஒரு நாள் முழுக்கப் போட்டு நடமாடி, ஒருமுறை துவைத்த பிறகு தையலிலிருந்து அரை அங்குலம் விட்டு வெட்டுங்கள். ஓரம் பிரியாமல் இருக்க மெஷினில் ஸிக்ஸாக் தையலோ, கையில் சுற்றுத்தையலோ (ஓரத்தைச் சுற்றிச் சுற்றிக் குத்தும் தையல்) போடுங்கள். அக்குள் வளைவில் தையலைத் தொடாமல் சின்னச் சின்ன வெட்டுகள் கொடுத்தால் துணி இழுக்காமல் படியும். வெட்டி எடுத்த நீளத் துண்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். சட்டையோடு சேர்ந்தே வெளிறிய துணி அது. நாளைக்கு முழங்கை நைந்தால் ஒட்டுப் போட அதைவிடப் பொருத்தமான நிறம் எங்கும் கிடைக்காது.