கடல்நீரை அளக்கும் உணரிகள்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடல்நீரின் வேதியியலையும் அதில் வாழும் நுண்ணுயிர்களையும் அளக்கும் உணரிகளை உருவாக்கும் இளைஞர்கள் பலர் அண்மைக் காலமாகத் தங்கள் வடிவமைப்புகளை எடுத்து வந்து கருத்துக் கேட்கிறார்கள். மின்சுற்றுகள் நேர்த்தியாக இருக்கின்றன. மின்சாரச் செலவு எங்கள் காலத்துக் கருவிகளில் நினைத்துப் பார்க்க முடியாத அளவுக்குக் குறைந்திருக்கிறது. ஆனால் கருவி கடலில் இறங்கும் கட்டத்தில், நாங்கள் தடுக்கி விழுந்த அதே இடங்களில் இவர்களும் வரிசையாக விழுகிறார்கள். ரப்பர் வளையத்துக்குக் கிரீஸ் தடவுவதையும் பேட்டரியை முழுதாக ஏற்றுவதையும் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. ஒருமுறை உள்ளே நீர் புகுந்தால் அந்தப் பாடம் தானாகவே ஏறிவிடும். கருவி பழுதின்றி ஓடி, தரவும் விடுபடாமல் கிடைத்து, அதன் பிறகும் அந்தத் தரவு எதற்கும் உதவாமல் போகச் செய்கிற தவறுகளைப் பற்றியே எழுதுகிறேன்.

கடையில் வாங்கிய தாங்கல் கரைசலை நம்புவது

உணரி காட்டும் எண்ணைத் தெரிந்த மதிப்போடு ஒப்பிட்டுத் திருத்துவதே அளவுத்திருத்தம். அதற்காகப் பிஎச் 4, 7, 10 என்று குப்பியில் ஒட்டி விற்கப்படும் தாங்கல் கரைசல்கள், அதாவது பிஎச் எளிதில் மாறாத கரைசல்கள், நன்னீருக்காகத் தயாரிக்கப்பட்டவை. அவற்றின் உப்புச் செறிவு கடல்நீரைவிட மிகக் குறைவு என்பதுடன், கடல் வேதியியலாளர்கள் பயன்படுத்தும் பிஎச் அளவுகோலும் வேறு. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 0.1 அலகுக்கும் மேற்பட்ட வேறுபாடு வரும். தொழிற்புரட்சிக்குப் பிறகு இன்றுவரை உலகக் கடல்களின் மேற்பரப்பு பிஎச் குறைந்திருப்பதே ஏறத்தாழ 0.1 அலகுதான் என்பதை நினைத்தால், இந்தப் பிழையின் கனம் விளங்கும். செயற்கைக் கடல்நீரில் தயாரித்த, டிரிஸ் என்னும் சேர்மத்தாலான தாங்கல் கரைசலையே பயன்படுத்த வேண்டும். 25 டிகிரி செல்சியஸில், உவர்ப்பு 35 ஆக இருக்கும்போது அதன் பிஎச் ஏறத்தாழ 8.09. இதிலும் ஒரு பொறி உண்டு: வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தால் டிரிஸ் கரைசலின் பிஎச் ஏறத்தாழ 0.03 குறையும். கடல் அமிலமாதலைக் கண்காணிக்கும் உலகளாவிய வலையமைப்பு, குறுகிய கால மாற்றங்களை அறிவதற்கே 0.02 துல்லியத்தைக் கேட்கிறது. நீண்ட காலப் போக்கை அறிய 0.003 வேண்டும் என்கிறது. வெப்பநிலையைச் சீராக வைக்கும் நீர்த்தொட்டி இல்லாமல், ஏசி அறையின் மேசைமீது வைத்துச் செய்கிற அளவுத்திருத்தம் முதல் இலக்கையே எட்டாது.

ஊறாத உணரியை இறக்குவது

பிஎச் உணரியின் மின்முனையிலுள்ள வெள்ளி–வெள்ளிக் குளோரைடு மேற்பரப்பு கடல்நீரிலுள்ள புரோமைடை மெல்ல ஏற்றுக்கொண்டு சமநிலைக்கு வரும்வரை அளவு நழுவிக்கொண்டேதான் இருக்கும். மின்னிணைப்புடன் இயற்கையான கடல்நீரில் பல நாள் ஊற வையுங்கள்.

குப்பியில் நீர் எடுக்காமல் கரை திரும்புவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். உணரியைக் கடலில் இறக்கும் நாளில் அதன் அருகிலேயே, அதே ஆழத்தில், அதே நேரத்தில் குப்பியில் நீர் எடுக்க வேண்டும்; அதை ஆய்வகத்தில் அளந்து உணரியின் எண்ணோடு ஒப்பிடத்தான். மீட்கும் நாளில், உணரி இன்னும் நீருக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் எடுக்க வேண்டும். இடையில் படகு கிடைக்கும்போதெல்லாம் எடுக்க வேண்டும். படகு வாடகையோடு ஒப்பிட்டால் செலவு என்று சொல்லவே ஒன்றுமில்லாத வேலை இது. அதனால்தானோ என்னவோ, படகோட்டி அவசரப்படுத்தியதும் முதலில் கைவிடப்படுவதும் இதுவாகவே இருக்கிறது.

ஒரு கடலோர ஆய்வுக் குழு, கேரளக் கரைக்கு அப்பால் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன் ஒரு பிஎச் உணரியையும் ஆக்சிஜன் உணரியையும் நங்கூரமிட்ட மிதவையில் பொருத்தியது. மழைக்காலத்தில் அங்கே படகு செல்ல முடியாது என்பதால், பருவம் ஓய்ந்த பிறகே போய் மீட்டார்கள். தரவில் ஓர் இடைவெளிகூட இல்லை. ஜூன் முதல் பிஎச் படிப்படியாகக் குறைந்தது, ஆக்சிஜனும் குறைந்தது. அந்தக் கரையோரத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆழ்நீர் மேலெழுவதும், அந்த நீர் ஆக்சிஜன் குறைந்ததாகவும் அமிலத்தன்மை கூடியதாகவும் இருப்பதும் நன்கு அறிந்த செய்தி என்பதால், குழுவினர் மகிழ்ந்து போனார்கள், எதிர்பார்த்தது கிடைத்துவிட்டது. ஆனால் பாசி படிந்து மெல்லத் தளர்ந்துவரும் ஓர் உணரியும் அதே வடிவத்தில்தான் வரைபடம் வரையும். இறக்கிய நாளிலும் குப்பி இல்லை, மீட்ட நாளிலும் குப்பி இல்லை. அந்த இறக்கத்தில் கடலின் பங்கு எவ்வளவு, கருவியின் பங்கு எவ்வளவு என்று கேட்டபோது, யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.

அதைவிட மோசமான செயல் மீட்ட அன்றே நடந்திருந்தது. கருவி மேலே வந்ததும், பார்க்க அருவருப்பாக இருக்கிறது என்று படகிலேயே தூரிகையால் தேய்த்து நன்னீரில் கழுவிவிட்டார்கள். பிறகு ஆய்வகத்தில் அளவுத்திருத்தம் செய்து, உணரி சரியாகவே இருக்கிறது என்று அறிக்கை எழுதினார்கள். சுத்தம் செய்யப்பட்ட உணரி சரியாக இருப்பதில் வியப்பென்ன? கடலுக்குள் கடைசி வாரத்தில் அது எப்படி இருந்தது என்பதற்கான ஒரே சாட்சி அந்தத் தூரிகையோடு போய்விட்டது. ஒரு பருவமழைக் காலம் முழுவதும் வீண். அடுத்தது வர ஓராண்டு காத்திருக்க வேண்டும்.

இதைச் சொன்னால், பெருங்கடல்களில் ஆயிரக்கணக்கில் திரிந்து, தாமாகவே மூழ்கி எழுந்து கடலை அளக்கும் ஆர்கோ மிதவைகளுக்கு யார் குப்பியோடு பின்னால் போகிறார்கள் என்று புத்திசாலித்தனமாகக் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வேதியியலும் உயிரியலும் அளக்கும் ஆர்கோ மிதவைகள் ஏறத்தாழ 1000 மீட்டர் ஆழத்தில் மிதந்து, பத்து நாளுக்கு ஒருமுறை 2000 மீட்டர் வரை இறங்கி மேலே வருகின்றன. இறக்கும் இடத்தில் முடிந்தவரை கப்பலிலிருந்து நீர் எடுக்கப்படுகிறது. அதன் பிறகு, ஏறத்தாழ 1500 மீட்டர் ஆழத்து நீரின் பிஎச்சும் நைட்ரேட்டும் மிக மெதுவாகவே மாறும் என்பதால், பல்லாண்டுகால ஆய்வுக் கப்பல்கள் எடுத்த குப்பி அளவீடுகளிலிருந்து கணக்கிட்ட மதிப்போடு ஒப்பிட்டு உணரியின் நழுவலைத் திருத்துகிறார்கள். ஆக்சிஜனுக்கோ காற்றே சான்று. ஆப்டோடு எனப்படும் ஒளிவழி ஆக்சிஜன் உணரிகள் அலமாரியில் சும்மா இருக்கும்போதே ஆண்டுக்குச் சில சதவீதம் உணர்திறனை இழப்பதை ஆய்வாளர்கள் தாமதமாகவே கண்டுகொண்டார்கள். அதன் பிறகு, மிதவை மேற்பரப்புக்கு வரும்போது நீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் உணரியால் காற்றையும் அளக்கும் வழக்கம் வந்தது. உலர்ந்த காற்றில் ஆக்சிஜன் 20.95 சதவீதம் என்பது எங்கும் மாறாது. ஆக, அந்த மிதவைகளும் சான்று இல்லாமல் ஓடவில்லை. கரைக்கு அருகே இருபது மீட்டர் ஆழத்தில் நங்கூரமிட்டிருக்கும் உணரிக்கு மாறாத ஆழ்நீரும் இல்லை, காற்றுக்கு வரும் வழியும் இல்லை. அதற்குக் குப்பி மட்டுமே உண்டு.

குப்பியில் எடுப்பதிலும் முறை இருக்கிறது. குழாயின் நுனி குப்பியின் அடியைத் தொட வேண்டும். நீர் நிரம்பி வழிந்தோடிய பிறகே குழாயை எடுக்க வேண்டும். ஆக்சிஜனுக்கான குப்பியில் ஒரு குமிழிகூட நிற்கக் கூடாது. 1888இல் விங்க்ளர் வகுத்த முறைப்படி மாங்கனீசு உப்பையும் காரம் கலந்த அயோடைடையும் அங்கேயே, படகிலேயே சேர்த்துவிட வேண்டும், கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம் என்று நினைக்கக் கூடாது. பிஎச்சைக் கணக்கிட உதவும் மொத்தக் கரிமத்துக்கும் காரத்தன்மைக்கும் எடுக்கும் அரை லிட்டர் போரோசிலிக்கேட் குப்பியில் மாறாக, நீர் விரிவதற்கு ஒரு சதவீதம் அளவுக்கு இடம் விட்டு, உயிர்களின் செயலை நிறுத்த மெர்குரிக் குளோரைடுக் கரைசலைச் சில துளி சேர்த்து, கிரீஸ் தடவிய மூடியால் இறுக மூட வேண்டும். அது கொடிய நஞ்சு; கையுறை இல்லாமல் தொடாதீர்கள், கழிவைக் கடலில் ஊற்றாதீர்கள்.

பாசியைக் கண்ணாடியின் பிரச்சினையாக மட்டும் பார்ப்பது

ஒளிச் சாளரம் மறைவது உண்மைதான். துடைப்பானும் செம்பு மூடியும் புறஊதா விளக்கும் அதற்காகவே வந்தன. ஆனால் பாதுகாப்புக் கூட்டுக்குள் ஒட்டி வளரும் பாசியும், பார்னக்கிள் எனப்படும் ஓடுள்ள சிற்றுயிரும் சுவாசிக்கவும் செய்கின்றன என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பகலில் ஆக்சிஜனும் பிஎச்சும் ஏறி இரவில் இறங்கும் அழகான அலை உங்கள் தரவில் நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே போனால், அது கூட்டுக்குள் குடியேறியவற்றின் மூச்சாக இருக்கலாம். அளப்பதற்கு முன் கூட்டிலுள்ள நீரை முழுதாக வெளியேற்றும் ஒரு பம்பு, எந்த நச்சுப் பூச்சையும்விட அதிகம் உதவும்.

ஒளிர்வைப் பச்சையம் என்று எழுதுவது

நீல ஒளி பட்டு நுண்பாசி உமிழும் சிவப்பு ஒளியைத்தான் உணரி காண்கிறது. உச்சி வெயிலில் மேற்பரப்பு நுண்பாசிகள் தங்களைக் காத்துக்கொள்ள அந்த ஒளிர்வைக் குறைத்துக்கொள்ளும் என்பதால், நண்பகலில் மேல்நீரில் பச்சையம் இல்லாததுபோலத் தோன்றும்; இரவு அளவோடு ஒப்பிடாமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். தயாரிப்பாளர் தரும் மாற்றுக்காரணியையும் அப்படியே ஏற்காதீர்கள்: பரவலாகப் பயன்படும் ஒரு வகை ஒளிர்வுமானி, உலக அளவில் சராசரியாக ஏறத்தாழ இருமடங்கு பச்சையத்தைக் காட்டியதாக 2017இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. இங்கும் வடிதாளில் வடித்தெடுத்த குப்பி நீர்தான் தீர்ப்புச் சொல்லும்.

செம்பையும் அலுமினியத்தையும் சேர்ப்பது

சேர்க்காதீர்கள்.

உள்ளூர் நேரத்தில் ஓடும் கடிகாரம்

உலகப் பொது நேரம் மட்டுமே.

கச்சா அளவுகளை அழித்துவிடுவது

நினைவகத்தை மிச்சப்படுத்துவதற்காக, கணக்கிட்ட முடிவை மட்டும் சேமித்து, மின்னழுத்தத்தையும் நிறமாலையையும் அழிக்கும் வடிவமைப்புகளை இன்றும் பார்க்கிறேன். மான்டெரே விரிகுடா மீன்காட்சியக ஆராய்ச்சி நிறுவனத்தின் கென் ஜான்சனும் லூக் கோலெட்டியும் 2002இல் வெளியிட்ட நைட்ரேட் உணரி, புறஊதா ஒளி எந்த அலைநீளத்தில் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதைக் கொண்டு அளக்கிறது. அதே பகுதியில் புரோமைடும் ஒளியை உறிஞ்சுகிறது, அந்த உறிஞ்சல் வெப்பநிலையோடு மாறுகிறது. அதைச் சரியாகக் கழிக்கும் மேம்பட்ட கணக்கு முறை 2009இல்தான் வெளிவந்தது. நிறமாலையைச் சேமித்து வைத்திருந்தவர்கள் பழைய தரவைப் புதிய முறையில் மறுபடி கணக்கிட்டுக்கொள்ள முடிந்தது. நைட்ரேட் எண்ணை மட்டும் வைத்திருந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.