இடுப்பிலிருந்து தொடங்குங்கள்: மறைத்து அணியும் கைத்துப்பாக்கியைத் தெரிவு செய்தல்

ஹூஸ்டனில் பல ஆண்டுகள் வாழ்ந்துவிட்டுத் திருகோணமலை உவர்மலைக்குத் திரும்பி வந்தவன் என்பதால், அமெரிக்காவில் குடியேறிவிட்டு விடுமுறைக்கு ஊர் வரும் மருமக்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "மாமா, உடுப்புக்குள்ள வைக்க எந்தப் பிஸ்டல் நல்லது?" கேள்வியிலேயே வரிசை பிழைத்துவிடுகிறது. துவக்கை முதலில் வாங்கி, பிறகு அதற்கு ஓர் உறை தேடி, கடைசியில் அதை உடம்பில் எங்கே வைப்பது என்று யோசிப்பவர்கள், மூன்றாம் வாரத்திலேயே அதை மேசை லாச்சிக்குள் போட்டுவிடுவதை நிறையக் கண்டிருக்கிறேன். உடம்பில் இடம், பிறகு பட்டி, பிறகு உறை, கடைசியாகத் துவக்கு என்ற வரிசையில் தெரிவு செய்தவர்களே அதைச் சிரமமின்றி அணிகிறார்கள்.

அதற்கும் முன்னால் சட்டம் இருக்கிறது. நமது நாட்டில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ், அனுமதிப்பத்திரம் இன்றி ஒரு ரவையை வைத்திருப்பதுகூடக் குற்றமாகும். பிஸ்டலுக்கான அனுமதி பாதுகாப்பு அமைச்சின் கையில் இருக்கிறது. 2024ஆம் ஆண்டின் இறுதியில், தற்காப்புக்கென்று முன்னர் வழங்கப்பட்டிருந்த துவக்குகளைக்கூட மீளாய்வுக்காக ஒப்படைக்குமாறு அமைச்சு கேட்டது. ஆகவே இங்கே வாழ்பவருக்கு இந்த வழிகாட்டியால் பயன் எதுவும் இல்லை. புலம்பெயர்ந்தவர்களுள்ளும் பெரும்பாலானோருக்கு இது பொருந்தாது: பிரித்தானியா 1997இல் கைத்துப்பாக்கிகளை ஏறக்குறைய முற்றாகத் தடை செய்துவிட்டது, கனடா 2022 ஒக்டோபரில் அவற்றின் விற்பனையையும் கைமாற்றத்தையும் முடக்கியது, அவுஸ்திரேலியாவில் 1996க்குப் பிறகு தற்காப்பு என்பது துவக்கு வைத்திருப்பதற்கு ஏற்கத்தக்க காரணமே அல்ல. எஞ்சுவது அமெரிக்கா மட்டுமே.

அங்கும் எல்லோருக்கும் அல்ல. கிரீன் கார்ட் உள்ளவர் வாங்கலாம். ஆனால் மாணவர் விசாவிலோ எச்-1பி விசாவிலோ இருப்பவர், வேட்டை அனுமதிப்பத்திரம் போன்ற சில விதிவிலக்குகள் இருந்தாலன்றி, கூட்டரசுச் சட்டப்படி துவக்கு வைத்திருக்கவே முடியாது. சுடுகூடத்தில் ஒரு மணித்தியாலம் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்ப்பதும் அதற்குள் அடங்கும். நண்பர்கள் வற்புறுத்திய ஒரு சனிக்கிழமை மாலைக்காகக் குடிவரவுக் கோப்பைப் பாழாக்கிக்கொள்ள வேண்டாம். உரிமம் பெற்ற வணிகரிடம் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். டெக்சாஸில் 2021 செப்ரெம்பர் முதல், தடையேதும் இல்லாத 21 வயதுக்கு மேற்பட்டோர் தனி அனுமதி இன்றியே அணிந்து செல்லலாம் எனினும், மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுவதால், அனுமதிப்பத்திரம் எடுத்து வைத்திருப்பதே எல்லை தாண்டிப் பயணம் செய்பவருக்கு வசதியானது.

இனி இடுப்பு. போர்க்காலத்தில் திருகோணமலை நகருக்குள் வளர்ந்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. சோதனைச் சாவடியில் சேர்ட்டைத் தூக்கிக் காட்டி நின்ற தலைமுறை நாங்கள். சிப்பாயின் கண் முதலில் போவது வயிற்றுப் பட்டியின் மேல் விளிம்புக்குத்தான் என்பதை அப்போதே அறிந்துகொண்டோம். மறைத்து அணிபவர்களைக் காட்டிக்கொடுப்பதும் அதே விளிம்புதான். குழல் காற்சட்டைக்குள் இறங்கி மறைந்துவிடுகிறது. வெளியே நீட்டி நின்று சேர்ட்டைப் புடைக்க வைப்பது கைப்பிடி. ஆகவே "சிறிய துவக்கு" என்று தேடுபவர்கள் குழலின் நீளத்தைப் பார்ப்பது வீண் வேலை. பார்க்க வேண்டியது கைப்பிடியின் உயரம், அதற்கு அடுத்ததாகத் தடிப்பு. சொல்லப்போனால், குழல் சற்று நீளமாக இருந்தால் அதன் நுனி தொடையோடு ஒட்டி நின்று, மேலே உள்ள கைப்பிடியை வயிற்றுப் பக்கம் சாய்க்கிறது. மிகக் குட்டையான துவக்கோ பட்டிக்கு மேலே பாரம் கூடித் தலைகீழாகக் கவிழப் பார்க்கிறது.

உடம்பில் வைக்கத்தக்க இடங்கள் பல என்று சொல்வார்கள். அன்றாடம் நிலைப்பவை இரண்டே. ஒன்று, வலக்கைக்காரருக்கு வலது இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால், மணிக்கூட்டில் நான்கு மணி இருக்கும் திசையில், காற்சட்டைக்கு உட்பக்கமாக வைப்பது. ஒல்லியானவருக்கும் நாள் முழுவதும் நின்று வேலை செய்பவருக்கும் இது இதமாக இருக்கும். ஆனால் கீழே கிடப்பதைக் குனிந்து எடுக்கும்போது கைப்பிடி முதுகுப் பக்கம் துருத்திக்கொண்டு தெரியும். மற்றையது, தொப்புளுக்கும் இடுப்பெலும்புக்கும் இடையே முன்புறம் வைப்பது. மறைவதில் இதற்கு நிகரில்லை, கையும் விரைவாகப் போய்ச் சேரும். ஆனால் சோற்றுக்கு முன்னால் சப்பணமிட்டு உட்காரும் பழக்கமுள்ள, நடுவயது கடந்த வயிறுள்ள நம்மவர்களுக்கு அது விலாவில் குத்தும். மேலும் குழல் நோக்கி நிற்பது உங்கள் தொடையின் பெரிய இரத்த நாடியை என்பதால், பழகாதவர்கள் இந்த இடத்தில் தொடங்குவதை நான் விரும்புவதில்லை. கணுக்காலில் கட்டுவது நெடுந்தூரம் காரோட்டுபவருக்கு மட்டும் பொருந்தும். காற்சட்டைப் பையில் வைப்பதாயின், சுடும் விசையை மூடும் உறை ஒன்றோடு, அந்தப் பையில் திறப்போ சில்லறையோ எதுவும் இல்லாமல் வைக்க வேண்டும்.

பட்டியில் காசை மிச்சம் பிடிக்க வேண்டாம். அலுவலகத்துக்குக் கட்டும் மெல்லிய தோல் பட்டி, முக்கால் கிலோ பாரத்தை மாலை வரை தாங்காமல் மடிந்து தொங்கும். தொங்கும் துவக்கு தோலில் உரசிப் புண்ணாக்கும். துவக்கு பாரம் என்று முறையிட்டவர்களுள் பாதிப்பேரின் குறை, விறைப்பான பட்டி ஒன்றைக் கட்டியதும் தீர்ந்துவிட்டது. காற்சட்டையையும் இடுப்பளவில் ஓரங்குலம் கூட்டி வாங்குங்கள்.

உறையைப் பொறுத்தவரை, விசைக் காப்பை முழுமையாக மூடுவதும், துவக்கை எடுத்த பின்னும் வாய் சுருங்காமல் இருப்பதும், தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினாலும் துவக்கு விழாமல் இருப்பதும் கட்டாயமானவை. கைடெக்ஸ் எனப்படும் கெட்டிப் பிளாஸ்டிக் உறைகள் இம்மூன்றையும் செய்கின்றன. தோல் உறை உடம்புக்கு இதமாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் ஹூஸ்டனின் வெக்கை நம் உள்துறைமுகக் கரையின் வெக்கைக்குச் சளைத்ததல்ல; வியர்வை ஊறி ஊறித் தோல் தளர்ந்து, அதன் விளிம்பு ஒருநாள் மடிந்து விசைக்குள் புகுந்துவிட்டால், துவக்கை உள்ளே தள்ளும்போது அது வெடிக்கும். தோல்தான் வேண்டுமென்போர் ஆண்டுதோறும் அதைத் தொட்டுப் பார்த்து, தளர்ந்ததும் கழித்துவிட வேண்டும். முன்புறம் அணிபவர், பட்டியில் உந்தி நின்று கைப்பிடியை உட்புறமாகத் திருப்பும் சிறு இறக்கை பொருத்திய உறையாகப் பார்த்து வாங்குவது நல்லது. கைப்பிடி அரை அங்குலம் உள்ளே போவதற்கும் வெளியே நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் மெல்லிய பருத்திச் சேர்ட்டில் அப்பட்டமாகத் தெரியும்.

இவ்வளவும் தீர்ந்த பிறகே துவக்கின் பெயரைப் பேச வேண்டும். அளவுகோலாக வைத்துக்கொள்ளத்தக்கது குளொக் 19. 1988இல் வந்தது, 15 ரவைகள் கொள்ளும், ரவை நிரப்பினால் 850 கிராம் அளவில் வரும், உயரம் 128 மில்லிமீற்றர். சுடுவதற்கு இதைவிட மன்னிக்கும் குணமுள்ள சிறிய பிஸ்டல் அரிது, ஆனால் சேர்ட்டை வெளியே விட்டு அணியும் நடுத்தர உடம்பினருக்கே அது மறையும். 2018இல் சிக் சோவர் நிறுவனம் பி365 என்பதைக் கொண்டு வந்தபோது கணக்கு மாறியது: ஏறக்குறைய ஓரங்குலத் தடிப்பு, 110 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவான உயரம், வெறுமையாக அரைக் கிலோ, ஆனால் மகசினில் 10 ரவைகள். ஸ்பிரிங்ஃபீல்டின் ஹெல்கற் 2019இலும், ஸ்மித் அன்ட் வெசனின் ஷீல்ட் பிளஸ் 2021இலும் அதே வழியில் வந்தன. இம்மூன்றுக்கும் இடையே கடைக்காரர் நடத்தும் வாதங்களைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. உங்கள் சுண்டு விரலுக்குக் கைப்பிடியில் இடம் கிடைக்கிறதா, விசையை விரல் நுனியால் நேராகப் பின்னிழுக்க முடிகிறதா என்று பார்த்துத் தெரிவு செய்யுங்கள். குளொக் 43எக்ஸ் பலரை ஏமாற்றுவது இந்த இடத்தில்தான்: மெலிந்தது என்று மகிழ்ந்து வாங்குவார்கள், ஆனால் அதன் கைப்பிடி உயரம் குளொக் 19இன் உயரமேதான், ஆகையால் இடுப்பில் இதமாக இருக்கும், புடைப்பில் பெரிய வித்தியாசம் இருக்காது.

இன்னும் சிறிது வேண்டுமென்று இறங்கிக்கொண்டே போனால், ரூகர் எல்சிபி போன்ற 270 கிராம் பிஸ்டலில் போய் நிற்பீர்கள். உடம்பில் இருப்பதே தெரியாது. ஆனால் பாரம் குறையக் குறைய உதைப்பு கூடும். இருபது ரவை சுட்டதும் உள்ளங்கை எரியும், பிறகு பயிற்சிக்குப் போகவே மனம் வராது. அணிய இதமான துவக்கு சுட இதமில்லாதது என்பதை விற்பவர் எவரும் சொல்லமாட்டார். அரைக் கிலோவுக்குக் கீழே இறங்காதீர்கள் என்பதே என் துணிபு. றிவோல்வரை விரும்புவோருக்கு ஸ்மித் அன்ட் வெசன் 642 உண்டு: ஐந்து ரவை, நானூறு கிராமுக்குச் சற்று மேல், வெளியே சுத்தியல் இல்லாததால் பையில் சிக்காது. ஆனால் அதன் விசை கடினமானது, குறி பார்க்கும் வரியும் குட்டை; புதியவருக்கு எளிது என்று அதைக் கொடுப்பது வழக்கமாகிவிட்டாலும், உண்மையில் அது பழகியவரின் ஆயுதம்.

ரவையில் குழம்ப வேண்டாம், 9 மில்லிமீற்றர் போதும். உதைப்பும் விலையும் கட்டுக்குள் இருக்கும், எங்கும் கிடைக்கும்.

பெண்களுக்கு இந்த வழிகாட்டுதலில் பாதி பொருந்தாது, ஏனெனில் சேலைக்கும் சல்வாருக்கும் பட்டி இல்லை. வயிற்றைச் சுற்றிக் கட்டும் அகன்ற இழுபடு பட்டிகள் உண்டு. அவற்றுள் துணிப்பையோடு மட்டும் நிற்காமல் விசையை மூடும் கெட்டித் தகடு வைத்துத் தைத்தவற்றையே வாங்க வேண்டும். கைப்பையில் வைப்பதை நான் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை. 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தின் கடையொன்றில், தாயின் கைப்பையிலிருந்த துவக்கை இரண்டு வயதுப் பிள்ளை எடுத்துச் சுட்டதில் அந்தத் தாயே இறந்துபோனார். கை வலுக் குறைந்தவர்கள், துவக்கின் நகரும் மேற்பகுதியான ஸ்லைடை இலகுவாகப் பின்னிழுக்கவென்றே செய்யப்பட்ட ஷீல்ட் ஈஇசட் வகையைப் பார்க்கலாம்.

வாங்குவதற்கு முன்னர், நீங்கள் எண்ணியிருக்கும் துவக்கின் அளவிலேயே வார்த்த நீல நிறப் பிளாஸ்டிக் மாதிரி ஒன்றையும் உறையையும் எடுத்து, ஒரு கிழமை வீட்டுக்குள் அணிந்து பாருங்கள். தரையில் உட்கார்ந்து எழும்புங்கள், சப்பாத்து நாடாவைக் கட்டுங்கள், காரில் ஒரு மணித்தியாலம் ஓடுங்கள், மேல் தட்டிலிருந்து அரிசிப் பேணியை எடுங்கள். கையைத் தூக்கும்போது சேர்ட் எவ்வளவு மேலே ஏறுகிறது என்பதை வீட்டிலுள்ள ஒருவரைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு சுடுகூடத்தில் வாடகைக்கு எடுத்து, குறைந்தது நூறு ரவையாவது சுட்டுப் பாருங்கள். சாரம் கட்டும் நேரத்தில் இவை எதுவும் சரிவராது என்பதையும் இந்த ஒரு கிழமையில் கண்டுகொள்வீர்கள். சாரத்தின் முடிச்சு ஒரு கைபேசியையே தாங்காது.

உறைக்குள் துவக்கை வைக்கும் கணமே ஆபத்தான கணம். எடுப்பதில் வேகம் வேண்டலாம்; வைப்பதில் எவ்வித அவசரமும் இல்லை. விரலை விசைக்கு வெளியே நேராக நீட்டி, சேர்ட் விளிம்பை மறு கையால் முழுதாக விலக்கி, கண்ணால் பார்த்து, மெதுவாக இறக்குங்கள். இரவில் கழற்றும்போது துவக்கை உறையோடு சேர்த்தே கழற்றிப் பூட்டிய பெட்டிக்குள் வையுங்கள். டெக்சாஸில் 17 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கைக்கு எட்டும்படி விடுவதே தனிக் குற்றம். வியர்வை உப்பு இரும்பைத் தின்னும் என்பதைக் கடற்கரைக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. கிழமைக்கு ஒருமுறை ரவைகளை நீக்கி, எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும்.

கோயிலுக்குப் போகும் நாளில் வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். டெக்சாஸில் வாசலில் 30.06 என்ற இலக்கப் பலகை இருந்தால் மறைத்து அணிந்து நுழைவது குற்றம் என்பது ஒருபுறமிருக்க, கோணேசர் சந்நிதியில் பழகியது போலச் சேர்ட்டைக் கழற்றி, விழுந்து கும்பிடும் இடத்தில் எந்த உறையும் எதையும் மறைக்காது. அஞ்சலகம், கூட்டரசு அலுவலகம், வருமானத்தில் பாதிக்கு மேல் மதுவிலிருந்து வருவதைக் குறிக்கும் 51 என்ற பலகை தொங்கும் கடை ஆகியவற்றுக்கும் அதுவே விதி.

ஊருக்கு வரும்போது, சுடுகூடத்துக்குக் கொண்டுபோன பயணப் பையை எடுத்து வராதீர்கள். வேறு பை இல்லையென்றால், ஒவ்வோர் அறையையும் திறந்து, தலைகீழாகக் கவிழ்த்து, தையல் மடிப்பு வரை விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். ஒரேயொரு 9 மில்லிமீற்றர் ரவை 12 கிராம்தான் இருக்கும், ஆனால் கட்டுநாயக்காவின் ஊடுகதிர்த் திரையில் அது தெளிவாகவே தெரியும்.