இண்டி ராக் (பெரிய இசை நிறுவனங்களைச் சாராத ராக் இசை) பாடல் வரிகளுக்குப் பொருள் காண்பது எப்படி?

முதலில் வரிகளைப் பார்க்காமல் கேட்டு, குரல் எங்கே உயர்கிறது, எந்தச் சொல் திரும்ப வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வரிகளைப் படிக்கையில், அவற்றில் வரும் ‘நான்’ பாடுபவரே என்று உடனே முடிவுகட்ட வேண்டாம்.

நியூட்ரல் மில்க் ஹோட்டல் என்ற அமெரிக்க இண்டி ராக் குழு 1998இல் வெளியிட்ட ‘ஹாலந்து, 1945’ என்ற பாடல் நல்ல பயிற்சி. அதை எழுதிய ஜெஃப் மாங்கம், நாஜிகளுக்கு அஞ்சி ஹாலந்தில் (நெதர்லாந்தில்) ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பைப் படித்து மனம் கலங்கியவர் என்பதும், அச்சிறுமி 1945இல் பெர்கன்-பெல்சன் நாஜி வதைமுகாமில் இறந்தாள் என்பதும் தெரிந்தால், தலைப்பும் சாவைச் சுற்றிய படிமங்களும் துலங்கும். ஆனால் இரைச்சலான கிதாரும் ஊதுகருவிகளும் கொண்டாட்டம்போல் விரைவதால், துக்கத்தோடு களிப்பும் கலந்திருப்பதை இசையிலிருந்தே அறிய முடியும். ஒவ்வோர் உருவகத்தையும் ஆனுடன் முடிச்சுப்போடுவது (ரசிகர்களுக்கு இதில் தனி ஆர்வம்) வீண்வேலை. பிடிபடாத வரியை அப்படியே விட்டுவிடலாம்.