அடையாள அட்டை, காணி உறுதி, பாஸ்போர்ட்: அனுப்புவதற்கு முன் கோப்பைப் பூட்டுவது எப்படி?

திருகோணமலையில் இந்த வேலை பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் நடக்கிறது. கனடாவில் இருக்கும் அண்ணா காணி உறுதியைக் கேட்கிறார், அல்லது கட்டார் வேலைக்கு ஏஜென்சிக்காரர் பாஸ்போர்ட் கொப்பி கேட்கிறார். டவுனில் ஒரு கொமினிகேஷனுக்குப் போய் ஸ்கேன் எடுக்கிறோம். கடையில் நிற்கும் தம்பி அங்கிருந்தே வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார். காசைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம்.

வட்ஸ்அப் அனுப்பும் வழியில் யாரும் கோப்பைப் படிக்க முடியாது, அதுவரைக்கும் சரி. ஆனால் அந்தக் கோப்பு கடைக் கணினியின் டவுன்லோட்ஸில் கிடக்கிறது, கடைக்காரரின் போனில் கிடக்கிறது, ஏஜென்சியின் போனிலும் கிடக்கிறது. அந்த போன் நாளைக்கு விற்கப்படலாம், தொலைந்தும் போகலாம். கோப்புக்கே கடவுச்சொல் போட்டிருந்தால் அது எங்கே கிடந்தாலும் திறக்காது. இதற்குத் தேவையான மென்பொருட்கள், மைக்ரோசொஃப்ட் வேர்டைத் தவிர, இலவசமாகவே கிடைக்கின்றன.

முதலில் கடவுச்சொல்

நம்மில் பலருக்கு உடனே தோன்றுவது அடையாள அட்டை இலக்கம். தயவுசெய்து அது வேண்டாம். புதிய அட்டையின் 12 இலக்கங்களில் முதல் 4 பிறந்த ஆண்டு. அடுத்த 3, அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் பிறந்தீர்கள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருப்பார்கள். ஆகவே பேஸ்புக்கில் உங்கள் பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொன்ன எவராலும் 7 இலக்கங்களைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்க முடியும். மிச்சம் 5 இலக்கங்கள்தான், அதிகம் போனால் 1,00,000 சேர்க்கைகள். ஏ.டி.எம்.மில் பின் நம்பரை மூன்று தடவை பிழையாக அடித்தால் அட்டை முடங்கிவிடும். கோப்புக்கு அப்படி எந்தத் தடையும் இல்லை. அதைக் கையில் வைத்திருப்பவர் ஒரு புரோகிராமை ஓடவிட்டு விரும்பிய அளவுக்கு முயன்று பார்க்கலாம், ஒரு இலட்சம் சேர்க்கைகள் கணினிக்கு ஒரு வேலையே இல்லை. 026இல் தொடங்கும் வீட்டுத் தொலைபேசி நம்பர், ட்ரிங்கோ என்று போட்டுப் பின்னால் 123, கோணேஸ்வரர் பெயர், பிள்ளையின் பெயர் எல்லாமே இந்த ரகம்தான்.

ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களை எடுங்கள்: முருங்கை, ஏணி, ரேடியோ, சித்திரை, வாளி என்பது போல. (இதையே போடாதீர்கள், இனி இது எல்லாருக்கும் தெரியும்.) அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி விடாமல் தட்டுங்கள். தமிழ் எழுத்திலேயே வைக்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் 'கொ' போன்ற எழுத்தைக் கணினி இரண்டு விதமாகப் பதியலாம். கண்ணுக்கு ஒரே மாதிரித் தெரிந்தாலும் கடவுச்சொல்லாக இரண்டும் வேறு வேறு ஆகிவிடும். அண்ணாவுக்கு அங்கே திறக்காது, உங்களுக்கு இங்கே காரணமும் புரியாது.

வேர்டில் இருக்கும் கோப்பு

கணினியில் மைக்ரோசொஃப்ட் வேர்ட் இருந்தால் இதுதான் மிகச் சுலபம். ஃபைல், இன்ஃபோ, புரொடெக்ட் டொக்கியுமெண்ட், என்கிரிப்ட் வித் பாஸ்வேர்ட் என்று போங்கள். கடவுச்சொல்லை இரண்டு முறை கேட்கும். கொடுத்துவிட்டு சேவ் செய்யுங்கள். கோப்பு பழைய டொக் வகையாக இருந்தால் முதலில் டொக்எக்ஸ் ஆகச் சேமியுங்கள், பழைய வகையின் பூட்டு பலவீனமானது.

பிடிஎஃப் ஆக அனுப்ப வேண்டுமா? சேவ் அஸ் போய் பிடிஎஃப்பைத் தெரிந்து, ஒப்ஷன்ஸைத் திறந்தால் அடியில் என்கிரிப்ட் த டொக்கியுமெண்ட் வித் அ பாஸ்வேர்ட் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் சரி போடுங்கள். இங்கே கடவுச்சொல் 6 முதல் 32 எழுத்துக்குள் இருக்க வேண்டும். மேலே சொன்ன மாதிரி ஐந்து சொற்களை எடுத்தால் 32ஐத் தாண்டிவிடலாம், நான்கோடு நிறுத்துங்கள்.

போனில் எடுத்த படங்கள்

உறுதியின் பக்கங்களைப் போனில் படம் எடுத்திருந்தால் வேர்ட் போன்ற லிப்ரேஒஃபிஸ் மென்பொருள் போதும், அதற்குக் காசு இல்லை.

1. அதில் உள்ள ரைட்டரில் புதிய பக்கம் ஒன்றைத் திறந்து, இன்சேர்ட், இமேஜ் வழியாகப் படங்களை வரிசையாகச் சேருங்கள்.
2. ஃபைல், எக்ஸ்போர்ட் அஸ், எக்ஸ்போர்ட் அஸ் பிடிஎஃப்.
3. வரும் பெட்டியில் செக்கியூரிட்டி பக்கத்துக்குப் போய் செட் பாஸ்வேர்ட்ஸை அழுத்துங்கள்.
4. இரண்டு வகைக் கடவுச்சொல் கேட்கும். மேலே உள்ள ஓப்பன் பாஸ்வேர்டை நிரப்புங்கள். கீழே உள்ள பெர்மிஷன் பாஸ்வேர்ட் அச்சிடுவதையும் திருத்துவதையும் தடுக்க மட்டும்தான், அதையும் பல மென்பொருட்கள் கணக்கெடுப்பதில்லை. அதை மட்டும் போட்டு அனுப்பினால் யாரும் திறந்து படிக்கலாம்.
5. ஓகே கொடுத்து எக்ஸ்போர்ட்.

ஏற்கெனவே பிடிஎஃப் ஆக இருப்பவை, அல்லது நிறையக் கோப்புகள்

இதற்கு 7-ஸிப், பல கோப்புகளை ஒரே கோப்பாகக் கட்டிப் பூட்டும் மென்பொருள். கோப்புகளைத் தெரிந்து வலது கிளிக் செய்து, 7-ஸிப், அட் டு ஆர்கைவ் என்று போங்கள். விண்டோஸ் 11இல் ஷோ மோர் ஒப்ஷன்ஸுக்குள் ஒளிந்திருக்கலாம். வகையை 7ஸெட் என்று வையுங்கள். கடவுச்சொல்லைக் கொடுத்து, என்கிரிப்ட் ஃபைல் நேம்ஸ் கட்டத்தையும் டிக் செய்யுங்கள். இல்லாவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டாலும், 'அம்மா வங்கிக் கணக்கு' என்ற பெயர் வெளியே தெரியும். ஸிப் வகைதான் வேண்டுமென்றால் என்கிரிப்ஷன் முறையை ஏஇஎஸ்-256 என்று மாற்றுங்கள். அது தானாகத் தரும் ஸிப்கிரிப்டோ பழையது, உடைக்கக்கூடியது. பெறுபவரிடமும் 7-ஸிப் இருப்பது நல்லது. அண்ட்ரொய்ட் போனில் ஸீஆர்கைவர் இதைத் திறக்கும். கணினியே இல்லாதவர்கள் அந்தச் செயலியிலேயே பூட்டவும் செய்யலாம்.

கூகுளில் தேடினால் பிடிஎஃப்பைப் பூட்டித் தரும் இணையத்தளங்கள் வரிசையாக வரும். பூட்டாத உறுதியை முன்பின் தெரியாத ஒரு சேர்வருக்கு ஏற்றித்தான் அதைப் பூட்ட வேண்டும். கல்யாண அழைப்பிதழ் என்றால் பரவாயில்லை, உறுதிக்கு நான் பயன்படுத்த மாட்டேன்.

அனுப்பும்போது

கோப்பை மூடி, திரும்பத் திறந்து பாருங்கள். கடவுச்சொல் கேட்க வேண்டும். பூட்டாத மூலக் கோப்பை உங்களிடம் பத்திரமாக வைத்திருங்கள். கடவுச்சொல்லை மறந்துவிட்டால் மீட்டுத்தர எந்த அலுவலகமும் இல்லை.

கோப்பு மின்னஞ்சலில் போனால் கடவுச்சொல்லை அழைப்பெடுத்து வாயால் சொல்லுங்கள். கோப்பு போன அதே வட்ஸ்அப் உரையாடலில் அடுத்த வரியாகக் கடவுச்சொல்லையும் போடுகிறவர்கள் உண்டு. போன் யார் கைக்குப் போகிறதோ அவருக்கு இரண்டும் சேர்ந்தே கிடைக்கும். வங்கிக் கணக்கறிக்கையில் இது இன்னும் நுணுக்கமாக நடக்கிறது. சில அறிக்கைகள் அடையாள அட்டை இலக்கத்தால் பூட்டப்பட்டே வரும். அதை அப்படியே ஏஜென்சிக்கு அனுப்பி, கூடவே அடையாள அட்டைக் கொப்பியையும் இணைத்தால் பூட்டு இருந்தும் பயனில்லை. அறிக்கையைக் குரோமில் திறந்து, பிரிண்ட் போய் சேவ் அஸ் பிடிஎஃப் கொடுத்தால் பூட்டு இல்லாத பிரதி கிடைக்கும். அதற்குப் புதுக் கடவுச்சொல் போடுங்கள்.

கடைக் கணினியில்தான் ஸ்கேன் எடுக்க வேண்டியிருந்தால் பென்டிரைவில் வாங்கிக்கொண்டு வந்து, வீட்டில் பூட்டுங்கள். கடைக் கணினியில் உள்ளதை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலியாக்கச் சொல்லுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, தம்பி ஒரு நிமிடத்தில் செய்து தருவார்.

அனுப்பிய பிறகு "திறக்குதில்லை" என்று அழைப்பு வந்தால் பெரும்பாலும் மூன்று காரணங்கள்தான்: அவரது விசைப்பலகை தமிழில் இருக்கிறது, போன் முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கிவிட்டது, அல்லது கொப்பி செய்து ஒட்டும்போது கடைசியில் ஒரு இடைவெளியும் சேர்ந்து வந்துவிட்டது.