பிரிட்டனில் மின்சைக்கிள்: 15.5 மைல் எல்லையும் உடலுக்கு ஏற்ற மோட்டார் உதவியும்

லண்டனில் வந்து இறங்கிய முதல் வாரத்திலேயே, பெடலை மிதிக்காமல் மோட்டார் சைக்கிளைப் போல விரையும் சைக்கிள்களை நீங்கள் பார்த்துவிடுவீர்கள். தெருவில் தாராளமாக ஓடுகிறதே, இங்கே இது அனுமதிக்கப்பட்டதுதான் போலும் என்று எண்ணி, அப்படிப்பட்ட ஒன்றை விலை மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக வாங்கிவிட வேண்டாம். என்னுடன் ஒரே வீட்டில் குடியிருந்த மாணவர் ஒருவர் அப்படித்தான் வாங்கினார். மூன்றாம் வாரம் சாலைச் சந்திப்பில் நிறுத்திய காவலர்கள் சைக்கிளின் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, கைப்பிடியிலிருந்த விசையை அழுத்திப் பார்த்தார்கள். பெடல் அசையாமலேயே சக்கரம் சுழன்றது. வண்டியை அங்கேயே ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

சட்டம் சொல்வது இதுதான். மோட்டார் தொடர்ந்து தரக்கூடிய திறன் 250 வாட்டுக்கு மிகாமல் இருக்க வேண்டும். நீங்கள் பெடலை மிதிக்கும்போது மட்டுமே அது உதவ வேண்டும். வேகம் மணிக்கு 15.5 மைலை, அதாவது 25 கிலோமீட்டரை, எட்டியதும் அந்த உதவி நின்றுவிட வேண்டும். இந்த மூன்றுக்கும் உட்பட்ட வண்டியைச் சட்டம் சாதாரண சைக்கிளாகவே கருதுகிறது. ஆகவே 14 வயது நிரம்பிய எவரும் உரிமம், காப்பீடு, பதிவு எதுவும் இல்லாமல் அதை ஓட்டலாம்; சைக்கிள் பாதைகளிலும் செல்லலாம். நடைபாதையில் ஓட்டக் கூடாது. தலைக்கவசம் கட்டாயமில்லை என்றாலும் அணிந்துகொள்ளுங்கள். வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கையில் உதவும் மெல்லிய விசைக்குத் தடையில்லை. ஆனால் மிதிக்காமலேயே முழு வேகத்தில் இழுத்துச் செல்லும் விசை பொருத்தப்பட்டிருந்தால், தனி ஒப்புதல் பெறாத நிலையில் அது சைக்கிள் அல்ல, மோட்டார் வாகனம். மணிக்கு 28 மைல் வேகம் வரை உதவும் வேக மின்சைக்கிளும் இங்கே மொபெட் வகையைச் சேர்ந்தது. அதற்குப் பதிவு, காப்பீடு, உரிமம், மோட்டார் சைக்கிள் தலைக்கவசம் எல்லாமே தேவை.

எல்லையை மீறிய வண்டியோடு பிடிபட்டால், காப்பீடு இல்லாமல் மோட்டார் வாகனம் ஓட்டிய குற்றம் உங்கள் மீது வரும். அதற்கு வழக்கமான அபராதம் 300 பவுண்டு; அதோடு உரிமத்தில் 6 தண்டனைப் புள்ளிகள். இங்கே தேர்வெழுதி முழு உரிமம் பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகாதவர்களுக்கு 6 புள்ளிகள் சேர்ந்தாலே அந்த உரிமம் ரத்தாகிவிடும். புதிதாக வந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை விளக்க வேண்டியதில்லை. எனவே “வேகப் பூட்டைத் திறந்து வேகத்தைக் கூட்டித் தருகிறேன்” என்று எவர் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். வாங்கும்முன் சட்டகத்தில், பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அருகில், ஒட்டப்பட்டிருக்கும் சிறு தகட்டைக் குனிந்து படியுங்கள். 250 வாட், 25 கிலோமீட்டர் என்ற இரண்டு எண்களும் அதில் இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை.

இனி, உடற்பயிற்சிக்காக வாங்குவோருக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவதற்கு வருகிறேன். திரையில் ஈகோ, டூர், டர்போ என்று மோட்டாரின் உதவியைப் படிப்படியாகக் கூட்டும் பல நிலைகள் இருக்கும். டர்போ வைத்தால் விரைவாகப் போகலாம் என்றே எல்லோரும் நினைக்கிறோம். நானும் முதல் நான்கு மாதங்கள் அப்படித்தான் ஓட்டினேன். உண்மையில், சமதளத்தில் எந்த நிலையை வைத்தாலும் மோட்டாரின் எல்லை அதே 15.5 மைல்தான். அந்த வேகத்தில் செல்ல ஏறக்குறைய 150 வாட் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தரும் திறனின் மூன்று மடங்கை மோட்டார் கூட்டித் தரும் நிலையில், உங்கள் கால்கள் 40 வாட் கொடுத்தாலே போதும். அதே மோட்டார் உங்கள் திறனில் பாதியை மட்டும் கூட்டித் தரும் நிலையில், நீங்கள் 100 வாட் கொடுத்தாக வேண்டும். போய்ச் சேரும் நேரம் ஒன்றே. உழைப்பு மட்டும் இரண்டரை மடங்கு. நான்கு மாதம் ஓட்டியும் என் இடுப்பளவு குறையாததன் காரணம் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

அதன்பின் சமதளத்தில் உதவியை முற்றிலும் அணைத்துவிடுகிறேன், அல்லது ஈகோவில் வைக்கிறேன். ஏற்றத்தில் மட்டும் ஒரு படி கூட்டுகிறேன். ஹாரோ குன்றின் மேல் ஏறும்போது டூர் நிலையில் மூச்சு வாங்கும், நெற்றி வேர்க்கும், ஆனால் இறங்கித் தள்ள வேண்டியதில்லை. நம்மில் பலர் சாதாரண சைக்கிளைக் கைவிடுவது அந்த ஒரு மேட்டுக்காகவும் எதிர்க்காற்றுக்காகவும்தான். மோட்டாரை அந்த இரண்டுக்கும் வைத்துக்கொண்டு மீதியை நீங்களே மிதியுங்கள்.

இப்படி ஓட்டுவதற்கு வண்டியின் உணரி (சென்சார்) முக்கியம். விலை குறைந்தவற்றில் பெரும்பாலும் கேடன்ஸ் சென்சார் இருக்கும்; பெடல் சுழல்கிறதா என்பதை மட்டுமே அது பார்ப்பதால், காலைச் சும்மா சுற்றினாலும் மோட்டார் முழுவதுமாக இழுக்கும். டார்க் சென்சார் நீங்கள் எவ்வளவு அழுத்தி மிதிக்கிறீர்கள் என்பதை அளந்து அதற்கேற்ற உதவியைத் தருகிறது; நீங்கள் உழைத்தால்தான் அதுவும் உழைக்கும். உடற்பயிற்சிதான் நோக்கமென்றால், மற்றச் செலவைக் குறைத்தாவது இதையே வாங்குங்கள்.

பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உழைப்பு செய்ய வேண்டும் என்பது இங்கே அரசு மருத்துவர்களின் பரிந்துரை. மிதமானது என்பதற்கு எளிய அடையாளம் உண்டு: மிதிக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட்டு வந்தால் உதவியை ஒரு படி குறையுங்கள். வேலைக்குச் செல்ல 15 நிமிடம், திரும்ப 15 நிமிடம் என ஐந்து நாள் ஓட்டினாலே அந்த அளவு நிறைந்துவிடும். தெற்காசியர்களுக்கு உடல் எடைக் குறியீடு 23 ஆனாலே சர்க்கரை நோயின் அபாயம் கூடத் தொடங்குகிறது. மற்றவர்களுக்கு அந்த எல்லை 25. ஆகவே இந்த 150 நிமிடம் நமக்கு மற்றவர்களைவிட அவசியம். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் தொடங்குமுன் மருத்துவரிடம் பேசிவிட்டு, சட்டைப்பையில் இனிப்பு ஏதேனும் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

பேட்டரிக்கு அதனுடன் வந்த சார்ஜரையே பயன்படுத்துங்கள். உறங்கும்போதோ வாசற்கதவை மறித்தோ சார்ஜ் போடாதீர்கள், ஏனெனில் மின்சைக்கிள் பேட்டரிகளால் வீடுகள் தீப்பற்றி உயிர்கள் போயிருக்கின்றன. மடிக்க முடியாத மின்சைக்கிளை லண்டன் பாதாள ரயிலில் ஏற்ற 31 மார்ச் 2025 முதல் அனுமதியில்லை. நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள், ‘சைக்கிள் டு வொர்க்’ திட்டம் அங்கே உண்டா என்று கேளுங்கள். வரி பிடிப்பதற்கு முன் சம்பளத்திலிருந்து தவணையாகக் கழிப்பதால் விலை கணிசமாகக் குறையும்.

கடைக்குச் செல்லும்போது பக்கத்தில் மேடான தெரு எங்கே இருக்கிறது என்று விசாரித்து, அதில் ஒருமுறை ஈகோவில் ஏறிப் பாருங்கள். பிறகு சமதளத்துக்கு வந்து உதவியை அணைத்துவிட்டு அரை மைல் மிதியுங்கள். இருபது கிலோவுக்கு மேற்பட்ட அந்த எடையோடு உங்கள் முழங்கால்கள் ஒத்துப்போகின்றனவா என்பது அப்போது தெரிந்துவிடும். ஒத்துப்போகவில்லை என்றால் அதைவிட எடை குறைந்த வண்டியைக் காட்டச் சொல்லுங்கள்.