விலைவாசியும் வாக்கும்: கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேர்தல் நெருங்கினால் டீக்கடையிலும் வீட்டுத் திண்ணையிலும் இரண்டு பேச்சு தவறாமல் கேட்கும். "விலைவாசி இப்படி ஏறிக் கிடக்கு, ஆளுங்கட்சி இந்தத் தடவை அவ்வளவுதான்" என்பது ஒன்று. "இந்தத் தலைவருக்கு ஒரு கிலோ தக்காளி என்ன விலைன்னு தெரியுமா?" என்பது இன்னொன்று. இரண்டிலும் உள்ள கோபம் நியாயமானது. மாதச் சம்பளம் 20ஆம் தேதியே தீர்ந்துபோகும் வீட்டில் இப்படிப் பேசாமல் வேறெப்படிப் பேசுவார்கள்? ஆனால் அந்தக் கோபத்தை வைத்தே முடிவைக் கணிக்கப் போனால் சறுக்கிவிடும். அதை வைத்தே தலைவர்களை எடைபோட்டாலும் சறுக்கும். நஷ்டம் நமக்குத்தான். கேட்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்காமலே தேர்தல் முடிந்துவிடுகிறது.

விலை ஏறினால் ஆட்சி மாறும் என்று நினைப்பது

வெங்காயம் ஆட்சியைக் கவிழ்க்கும் என்பதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் 1998 டெல்லி. அந்த ஆண்டு அக்டோபரில் அங்கே வெங்காயம் கிலோ 40 ரூபாயைத் தாண்டியது. அன்றைய கூலிக்கு அது தாங்கக்கூடிய விலையே இல்லை. அங்கே ஆட்சியில் இருந்த பா.ஜ.க., முதல்வரை மாற்றி சுஷ்மா சுவராஜைக் கொண்டுவந்து பார்த்தது. நவம்பரில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் 70 இடங்களில் 15தான் கிடைத்தது; காங்கிரஸ் 52 இடங்களோடு ஆட்சிக்கு வந்தது. இதுவரை எல்லோருக்கும் தெரியும். பலரும் சொல்லாமல் விடுவது அடுத்த பாதியை. மறு ஆண்டே, 1999 மக்களவைத் தேர்தலில், அதே டெல்லி 7 தொகுதிகளையும் பா.ஜ.க.வுக்கே கொடுத்தது. வெங்காயம் மலிந்திருந்தது, கார்கில் போர் முடிந்திருந்தது, மக்கள் தேர்ந்தெடுக்க வேண்டியது பிரதமரை. முதல் பாதியை மட்டும் பார்த்துக் கணித்தவர்கள் இரண்டாவதில் ஏமாந்திருப்பார்கள்.

விலை ஏறினால்தான் வாக்கு போகும் என்பதுகூட நகரத்தில் இருந்து பார்க்கிற பார்வை. வாங்குகிறவருக்கு ஓட்டு இருப்பது போல விளைவிக்கிறவருக்கும் இருக்கிறது. நாசிக் இதற்கு நல்ல பாடம். நாட்டின் பெரிய வெங்காயச் சந்தையான லாசல்கான் அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. நகரங்களில் விலை ஏறாமல் பார்த்துக்கொள்ள ஒன்றிய அரசு 2023 டிசம்பரில் வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. சந்தையில் விலை விழுந்தது, விவசாயிகள் கொதித்துப்போனார்கள். 2024 மே மாதத் தொடக்கத்தில், தேர்தல் நடந்துகொண்டிருந்தபோதுதான் தடையை நீக்கினார்கள். நாசிக், திண்டோரி இரண்டு தொகுதிகளையும் ஆளும் கூட்டணி இழந்தது. திண்டோரியில் தோற்றவர் ஒன்றிய இணை அமைச்சர் பாரதி பவார். இல்லத்தரசிக்கு நல்ல செய்தியாக இருந்த விலையே அங்கே ஓட்டைப் பறித்தது.

அப்புறம் நடந்ததையும் பாருங்கள். ஆறு மாதம் கழித்து மகாராஷ்டிர சட்டமன்றத் தேர்தல் வந்தது. இடையில் மாநில அரசு பெண்களின் வங்கிக் கணக்கில் மாதம் 1500 ரூபாய் போடத் தொடங்கியிருந்தது. அதே நாசிக் மாவட்டத்தில் கிட்டத்தட்ட எல்லா இடங்களையும் அதே கூட்டணி வென்றது. வெங்காயத்தை மட்டும் வைத்துக் கணித்தவருக்கு மே மாதம் சரியாக வந்திருக்கும், நவம்பரில் கவிழ்ந்திருக்கும்.

அதனால் விலையைப் பற்றிப் பேசும்போது யாருடைய வீட்டு விலை என்று முதலில் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். கடையில் பொன்னி வாங்கும் குடும்பத்துக்கும் ரேஷன் அரிசியில் மாதத்தை ஓட்டும் குடும்பத்துக்கும் அரிசி விலை என்பது ஒன்றல்ல. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2023 செப்டம்பர் 15 முதல் தகுதியுள்ள குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் வரத் தொடங்கியது. இதெல்லாம் சந்தை விலைப் பட்டியலில் தெரியாது, ஆனால் வீட்டுக் கணக்கில் இருக்கும். மறுபக்கம், இந்தப் பட்டியலிலேயே வராத குடும்பங்கள் உண்டு. வாடகை, பள்ளிக் கட்டணம், மருந்துச் செலவு என்று நசுங்கும் கீழ்நடுத்தரக் குடும்பத்தின் கோபத்தை எந்த உதவித்தொகையும் ஆற்றுவதில்லை.

ஓட்டு சதவீதத்தை அப்படியே சீட்டாக மாற்றுவது

தமிழ்நாட்டில் விலைவாசித் தேர்தல் என்றாலே 1967தான் முதலில் வரும். அரிசித் தட்டுப்பாடு, "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்ற அண்ணாவின் வாக்குறுதி, விருதுநகரிலேயே காமராஜர் தோற்றது எல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிய கதை. ஆனால் வாக்கு எண்ணிக்கையை எடுத்துப் பார்த்தால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். காங்கிரஸ் வாங்கியது சுமார் 41.1 சதவீதம். தி.மு.க. வாங்கியது 40.7 சதவீதம். அதிக ஓட்டு வாங்கிய காங்கிரசுக்கு 51 இடம், தி.மு.க.வுக்கு 137 இடம்.

காரணம் கூட்டணி. காங்கிரஸ் ஏறக்குறைய எல்லாத் தொகுதியிலும் நின்றது. தி.மு.க. 174 இடங்களில் மட்டும் நின்று, மீதியைச் சுதந்திரா, மார்க்சிஸ்ட் உள்ளிட்ட கட்சிகளுக்கு விட்டுக்கொடுத்தது. எதிர்ப்பு ஓட்டு சிதறவில்லை. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் சூடு வேறு ஆறாமல் இருந்தது. தேர்தலுக்குச் சில வாரம் முன்பு எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். அரிசி பெரிய காரணம்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அரிசி கொடுத்த கோபத்தை ஆட்சியாக மாற்றியது தொகுதிப் பங்கீடு.

இது பழங்கதையும் இல்லை. 2019 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் தி.மு.க. கூட்டணி சுமார் 53 சதவீத ஓட்டோடு 39இல் 38 இடம் வென்றது. 2024இல் அதன் ஓட்டு 47 சதவீதமாகக் குறைந்தது, இடமோ 39 ஆனது. எதிரில் அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் தனித்தனியாக நின்றதுதான் விஷயம். நாடு முழுக்கப் பார்த்தால் அதே தேர்தலில் பா.ஜ.க.வின் ஓட்டு 37.4இலிருந்து 36.6 சதவீதம் ஆனது, முழுதாக ஒரு சதவீதம்கூடக் குறையவில்லை. இடங்கள் 303இலிருந்து 240 ஆகிவிட்டன. ஜூன் 1 மாலை வந்த வாக்குக் கணிப்புகள் பெரும்பாலும் ஆளும் கூட்டணிக்கு 350க்கு மேல் கொடுத்தன, சில 400 வரை போயின. எண்ணி முடித்தபோது வந்தது 293.

கணிப்பவர்கள் எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்று இதற்கு அர்த்தம் கிடையாது. முறையாக ஆயிரம் பேரிடம் கேட்டாலும் 3 சதவீதம் வரை மேலோ கீழோ பிசகலாம் என்பது புள்ளியியல் கணக்கு. 2016இல் அ.தி.மு.க. அணிக்கும் தி.மு.க. அணிக்கும் இடையே இருந்த வித்தியாசம் சுமார் 1 சதவீதம். அன்றைக்கு வந்த கணிப்புகளில் பெரும்பாலானவை தி.மு.க. என்றன, ஜெயலலிதா ஆட்சியைத் தக்கவைத்தார். 2024 அக்டோபரில் ஹரியானாவிலும் இதே கதை. கணிப்புகள் ஒரே குரலில் காங்கிரஸ் என்றன. இரு கட்சிகளுக்கும் இடையே ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் பா.ஜ.க. 48, காங்கிரஸ் 37 என்று முடிந்தது. அதனால் ஒரு கணிப்பில் "இத்தனை சீட்" என்ற எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால், இரு அணிகளுக்கும் எத்தனை சதவீத இடைவெளி சொல்கிறார்கள் என்று பாருங்கள். இரண்டு மூன்று சதவீதம்தான் என்றால் அந்தத் தேர்தலை யாரும் கணிக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

கூட்டத்தையும் கடைவீதிப் பேச்சையும் நம்புவது

இதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. 2016இல் விஜயகாந்துக்குக் கூடிய கூட்டம் நினைவிருக்கும். அவர் இருந்த மக்கள் நலக் கூட்டணிக்கு ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை, உளுந்தூர்பேட்டையில் அவரே டெபாசிட் இழந்தார். டீக்கடையில் நின்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். தமிழ்நாட்டு வாக்காளர் பட்டியலில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம், பல வீடுகளில் மளிகைக் கணக்கு பார்ப்பதும் அவர்கள்தான். அவர்களிடம் கேட்காமல் "ஊரே இப்படித்தான் பேசுது" என்று சொல்வதில் ஊரில் பாதி இல்லை. எண்ணிக்கை நாளில் முதலில் தபால் ஓட்டு எண்ணப்படும். காலை 9 மணி முன்னணியை வைத்து முடிவு சொல்ல வேண்டாம்.

பணவீக்கம் குறைந்தால் விலை குறைந்தது என்று எண்ணுவது

இந்தத் தவறைப் பேச்சாளர்களும் செய்கிறார்கள், கேட்கிறவர்களும் செய்கிறார்கள். 100 ரூபாய் விற்ற துவரம்பருப்பு ஒரு வருடத்தில் 130 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம்: ஏற்றம் 30 சதவீதம். அடுத்த வருடம் 135 ஆனால் ஏற்றம் 4 சதவீதத்துக்கும் குறைவு. "பணவீக்கத்தைக் கட்டுப்படுத்திவிட்டோம்" என்று அமைச்சர் சொல்வது கணக்குப்படி சரி. பருப்பு வாங்கப் போனவருக்கோ 135 ரூபாய்தான் உண்மை, அவருடைய சம்பளம் அதே வேகத்தில் ஏறியிருக்காது. 2025 அக்டோபரில் நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதம் என்று வந்தது. 2012ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட அந்தக் கணக்கு வரிசையிலேயே மிகக் குறைவு அதுதான். அதற்காக யாருடைய வீட்டு வாடகையும் இறங்கவில்லை. அந்தச் சராசரியை இழுத்துப் பிடித்ததில் காய்கறி விலைச் சரிவுக்குப் பெரும்பங்கு உண்டு. ஒரு தலைவர் மக்கள் செலவைப் புரிந்துவைத்திருக்கிறாரா என்று பார்க்க இது நல்ல இடம். ஏற்றத்தின் வேகம் குறைவதையும் விலை குறைவதையும் அவர் பிரித்துப் பேசுகிறாரா என்று கவனியுங்கள்.

விலை கேட்டு மடக்குவதையே பரீட்சையாக்குவது

"பால் என்ன விலை?" என்று ஒரு வேட்பாளரிடம் மைக்கை நீட்டுகிறார்கள். எந்தப் பால்? 2022 நவம்பரில் ஆவின் ஆரஞ்சு பாக்கெட் லிட்டர் 48இலிருந்து 60 ரூபாய் ஆனது. கடையில் அரை லிட்டர் 30 ரூபாய். ஆவின் மாத அட்டை வைத்திருப்பவருக்கு லிட்டர் பழைய 46 ரூபாய்க்கே, அதாவது அரை லிட்டர் 23 ரூபாய். பச்சை பாக்கெட் விலை மாறவே இல்லை, அரை லிட்டர் 22. டீ மாஸ்டரும் அட்டை வைத்திருந்த ஓய்வூதியரும் அந்த மாதம் வேறு வேறு விலையைச் சொல்லியிருப்பார்கள், இருவர் சொன்னதும் சரி. ஒரே எண்ணைச் சொல்லித் தப்பிக்கும் வேட்பாளரைவிட, "அட்டைக்கு ஒரு விலை, கடைக்கு ஒரு விலை" என்று சொல்பவருக்குத்தான் விஷயம் தெரிந்திருக்கிறது.

இந்தப் பரீட்சையை வைத்து முடிவையும் கணிக்க முடியாது. ஆஸ்திரேலியாவில் 2022 ஏப்ரலில் பிரச்சாரத்தின் முதல் நாளே ஆந்தனி ஆல்பனீஸ் வேலையின்மை விகிதம் தெரியாமல் தடுமாறினார். பல நாள் அதே பேச்சு. மே மாதம் அவர்தான் பிரதமர். 2025இல் எதிர்க்கட்சித் தலைவர் பீட்டர் டட்டன் ஒரு டஜன் முட்டை 4 டாலர் சொச்சம் என்றார். கடையில் அதைப்போல இரண்டு மடங்கு. தன் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார், ஆனால் முட்டைக்கு முன்பே அவருடைய கட்சி சரிந்துகொண்டிருந்தது.

நம் ஊரில் இதைவிடக் கனமான உதாரணம் உண்டு. 2013 ஜூலையில் காங்கிரசின் ராஜ் பப்பர், மும்பையில் 12 ரூபாய்க்கு வயிறாரச் சாப்பிடலாம் என்றார். நாடே கொதித்தது, அவர் வருத்தம் தெரிவித்தார். அதே மாதம் சென்னையில் அம்மா உணவகத்தில் சாம்பார் சாதம் 5 ரூபாய்க்கு உண்மையாகவே கிடைத்துக்கொண்டிருந்தது. ஏனென்றால் மீதிச் செலவை மாநகராட்சி சுமந்தது. விற்கும் விலை ஒன்று, அடக்கச் செலவு வேறு என்று தெரியாமல் பேசியதுதான் அவருடைய பிசகு. ஆனால் எனக்கு அந்த 12 ரூபாயைவிடப் பெரிதாகப் படுவது, 2011 செப்டம்பரில் திட்டக்குழு உச்ச நீதிமன்றத்தில் கொடுத்த வாக்குமூலம். நகரத்தில் நாளுக்கு 32 ரூபாய், கிராமத்தில் 26 ரூபாய் செலவழிக்க முடிந்தால் அவர் வறுமைக்கோட்டுக்கு மேலே. அது மேடையில் வாய் தவறியது கிடையாது. யார் ஏழை என்று தீர்மானிக்கும் கோடு. தலைவர்களின் புரிதலை அளக்க இப்படிப்பட்ட எண்களைப் பிடித்துக் கேட்க வேண்டும்.

துண்டு வீடியோவும் இதே வகைதான். 2019 டிசம்பரில் வெங்காயம் பல நகரங்களில் 100 ரூபாயைத் தாண்டியிருந்தது. மக்களவையில் ஓர் உறுப்பினர் குறுக்கிட்டுக் கேட்டதற்கு, தான் அவ்வளவாக வெங்காயம், பூண்டு சாப்பிடுவதில்லை என்று நிர்மலா சீதாராமன் பதில் சொன்னார். விலை கேட்டே கண்ணீர் விட்டவர்களுக்கு அது வலித்திருக்கும், வலித்ததில் தவறில்லை. ஆனால் அந்தச் சில விநாடிகள் ஓடிய அளவுக்கு, அவர் பட்டியலிட்ட ஏற்றுமதித் தடையும் இருப்பு வரம்பும் இறக்குமதியும் வேலை செய்தனவா என்ற கேள்வி ஓடவில்லை. வெளிநாட்டு வெங்காயம் வந்து சேர்வதற்குள் புது அறுவடையும் வரத் தொடங்கிவிட்டது. வந்ததில் பெரும்பகுதியை மாநிலங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அமைச்சர்களை நிறுத்திக் கேட்டிருக்க வேண்டியது இதைத்தான்.

சரி, வாசலுக்கு ஓட்டுக் கேட்டு வருபவரிடம் என்ன கேட்கலாம்? 2023 ஜூலையை நினைவுபடுத்துங்கள். தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது தமிழ்நாடு அரசு பண்ணைப் பசுமைக் கடைகளிலும் சென்னையில் முதலில் 82 ரேஷன் கடைகளிலும் கிலோ 60 ரூபாய்க்கு விற்றது, பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் விரித்தது. அடுத்த முறை ஏறினால் எங்கள் வார்டு கடைக்கு எத்தனை நாளில் வரும், ஒரு கார்டுக்கு எத்தனை கிலோ, மதியம் வேலை முடிந்து வருகிறவருக்கு மிச்சம் இருக்குமா? கோயம்பேட்டுக்கு ஆந்திரா, கர்நாடக லாரி வராவிட்டால் கைவசம் என்ன இருக்கிறது? அதே தக்காளி கிலோ 5 ரூபாய்க்கு விழுந்து விவசாயி சாலையில் கொட்டும் மாதத்தில் என்ன செய்வீர்கள்? இதற்கெல்லாம் பதிலைத் தாளில் எழுதி மனப்பாடம் செய்துவிட்டு வர முடியாது. அவர் திணறினால் திணறட்டும், யோசித்துச் சொன்னால் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருடத்தில் தக்காளி எப்படியும் இரண்டு மூன்று தடவை ஏறி இறங்கும்.