பழவேற்காடு ஏரியில் பூநாரை பார்ப்பது எப்படி? (தடா, சூலூர்ப்பேட்டை வழி)

பூநாரை (ஃபிளமிங்கோ) வந்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் படம் வந்ததும் வண்டியைக் கிளப்பிவிடாதீர்கள். பறவை வந்திருக்கும். அது கண்ணுக்கு எட்டும் தூரத்தில் நிற்குமா என்பதை முடிவு செய்வது ஏரித் தண்ணீர்.

1. தண்ணீர் எவ்வளவு என்று கேளுங்கள்

பலரும் தாண்டிப்போகிற படி இதுதான். பூநாரை பெரும்பாலும் நின்றபடியே இரை தேடும். காலால் சேற்றைக் கலக்கி, கழுத்தை வளைத்து, தலையைக் கவிழ்த்து அலகைத் தண்ணீரில் விடும். நாக்கு பம்பு மாதிரி முன்னும் பின்னும் ஓடித் தண்ணீரை இழுத்து வெளியே தள்ளும். அலகோரத்து மெல்லிய தகடுகளில் பாசியும் கூனி போன்ற சிற்றுயிர்களும் தங்கிவிடும். அந்த இரையில் உள்ள கரோட்டினாய்டு நிறமியால்தான் இறகு சிவக்கிறது.

இத்தனைக்கும் கால் ஊன்றுகிற ஆழம் வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறு, காலங்கி, சுவர்ணமுகி மூன்றும் கொண்டுவந்து கொட்டி ஏரி நிரம்பி நிற்கும்போது கூட்டம் தூரத்து ஆழமில்லாத இடங்களுக்குப் போய்விடும். தண்ணீர் வற்ற வற்ற சாலைப் பக்கம் வரும். நவம்பரிலிருந்து மார்ச் வரை சீசன் என்பார்கள்; என் ஓட்டு ஜனவரி கடைசிக்கும் பிப்ரவரிக்கும்தான். மழை பின்தங்கிப் பெய்த வருடம் என்றால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். சூலூர்ப்பேட்டை ஆந்திராவில் இருந்தாலும் அங்கே டீக்கடையில், "அண்ணா, ரோட்டோரம் தண்ணி எவ்வளவு நிக்குது?" என்று தமிழிலேயே கேட்கலாம். "முழங்காலுக்குக் கீழதான்" என்று பதில் வந்தால் தைரியமாகப் போங்கள்.

2. போகும் வழி

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், தடா தாண்டி சூலூர்ப்பேட்டை. ரயிலும் உண்டு. அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை ஏரியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. நமக்கு வேண்டியது அந்தச் சாலைதான்.

3. எந்தப் பக்கம் பார்ப்பது

சாலை ஏறக்குறைய மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். அதனால் சாலைக்கு வடக்கே நிற்கும் பறவைகள் மேல்தான் நல்ல வெளிச்சம் விழும். தெற்கே நிற்பவை வெறும் கருநிழலாகத் தெரியும், நிறமே பிடிபடாது. விடிந்ததும் போய்ச் சேருங்கள். வெயில் ஏறினால் சேற்றிலிருந்து கானல் எழும்பி, எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸிலும் படம் நெளியும்.

4. பைனாகுலர்

8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மி.மீ.) போதும். 12, 16 மடங்கு என்று கடைக்காரர் காட்டுவதை வாங்காதீர்கள். கையில் ஆடும், ஏரிக்காற்றில் இன்னும் ஆடும். காசு இருந்தால் ஸ்டாண்டோடு ஒரு ஸ்பாட்டிங் ஸ்கோப் (ஒற்றைக் கண்ணால் பார்க்கும் தொலைநோக்கி) வாங்குங்கள். கேமராவை அதற்கு அப்புறம் யோசிக்கலாம்.

5. எது எது?

வெளிர் ரோஜா அலகு, நுனி மட்டும் கறுப்பு என்றால் பெரும் பூநாரை. உருவம் சிறிது, அலகு அடர்சிவப்பு என்றால் சிறு பூநாரை. கூட்டத்தில் அழுக்குச் சாம்பல் நிறத்தில் சில நிற்கும். அவை நோயாளிகள் அல்ல, இளசுகள். நிறம் ஏறச் சில வருடம் ஆகும். இங்கே கூடு தேடாதீர்கள். நம் நாட்டில் இவை பெருங்கூட்டமாகக் கூடு வைப்பது குஜராத்தின் கட்ச் ரண் உப்புவெளியில். சேற்றைக் குவித்து மேடாக்கி ஒரே ஒரு முட்டை இடும்.

பின்சேர்க்கை

பறக்கும் படம் வேண்டும் என்று ஹாரன் அடிப்பவர்களைப் பற்றி வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மிரண்டு எழும்பும் ஒவ்வொரு முறையும் அதற்கு மேய்ச்சல் நேரம் போகிறது, உடம்பில் சேர்த்த கொழுப்பும் கரைகிறது. காத்திருந்தால் தானாகவே பறக்கும், இறக்கையின் செம்மையும் கருமையும் அப்போது தெரியும். சாலையை விட்டுச் சேற்றில் இறங்கவும் வேண்டாம்; இது சரணாலயம், சேறும் ஆளை உள்ளே இழுக்கும்.

போலீஸ் நிறுத்தியதாகச் சிலர் சொன்னார்கள். ராக்கெட் ஏவும் நாளில் இந்தச் சாலையில் கெடுபிடி இருக்கும். கிளம்புமுன் இஸ்ரோ அறிவித்த தேதியைப் பார்த்துவிடுங்கள். அப்படி ஒரு நாளில் மாட்டிக்கொண்டால் வண்டியைப் பக்கத்திலுள்ள நேலப்பட்டு பறவைகள் சரணாலயத்துக்குத் திருப்புங்கள். குளத்துக் கடம்பு மரங்களில் கூழைக்கடாக்கள் குஞ்சுகளோடு இருக்கும்.